களாக்காய்: வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் 'கரண்ட்' என்றொரு பழம் அடிக்கடி வரும். அதை அப்படியே தமிழில் எழுதினால் மின்சாரம் என்றுதான் படிப்பார்கள். 'அரை கப் கரண்ட் சேர்க்கவும்' என்று ஒரு குறிப்பில் நானே எழுதிவிட்டு, அச்சாவதற்கு முன் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரிப்பு போகட்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு உண்மையிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பழங்கள் உலவுகின்றன.

முதலாவது, கேக்கிலும் பன்னிலும் போடும் சின்னஞ்சிறு கறுப்பு உலர்திராட்சை. விதையில்லாத ஒரு குட்டித் திராட்சையைக் காயவைத்தது. கிரேக்க நாட்டில் கொரிந்த் என்ற துறைமுக ஊர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அந்த ஊர்ப்பெயரே தேய்ந்து 'கரண்ட்' ஆயிற்று. இரண்டாவது, குளிர்நாடுகளில் புதரில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மணிப்பழங்கள். உலர்திராட்சையைப் போலச் சிறியவை என்பதால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. திராட்சைக்கும் அதற்கும் உறவே கிடையாது. நம் ஊர்களில் 'ப்ளாக் கரண்ட்' ஐஸ்கிரீமாக மட்டும் அறிமுகமானது அதுதான். மூன்றாவது, வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்து பார்த்து 'வங்காள கரண்ட்' என்று பெயர் வைத்த பழம். அதுதான் நம் களாக்காய். யாழ்ப்பாணத்தில் கிளாக்காய் என்பார்கள். தெலுங்கில் வாக்காய, இந்தியில் கரோந்தா, வங்காளத்தில் கரம்சா. தாவரவியலார் தந்த பெயர் கரிஸ்ஸா கரண்டாஸ். இந்தக் கரண்டாஸுக்கும் அந்தக் கரண்ட்டுக்கும் தொடர்பில்லை. ஒலி ஒற்றுமை தற்செயல்.

குளிர்நாட்டு மணிப்பழம் நம் வெயிலில் வராது. குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் நல்ல குளிரில் கிடந்தால்தான் அந்தச் செடி பூக்கும். ஆகவே அந்தக் குறிப்புகளில் வருகிற புளிப்பும் நிறமும் இறுகும் தன்மையும் நமக்கு வேண்டுமென்றால், கையருகே இருப்பது களாக்காய்தான். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

நான் பிறந்தது மாவ்பியில். ரங்கூனிலிருந்து வடக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர். பியே நகருக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். 1877-ல் திறந்த அந்தப் பாதைதான் பர்மாவின் முதல் ரயில் பாதை. எங்கள் வீட்டுக்கு மதில் கிடையாது, களாச்செடிதான் வேலி. இரட்டை முள் கவைபோலப் பிரிந்து நிற்கும். மாடு, ஆடு, மனிதன் எதுவும் நுழைய முடியாது. மல்லிகை போல வெள்ளைப் பூ. அதன் மணம் விடியற்காலையில் அடுக்களை வரை வரும். மழை பிடிக்கும் சமயத்தில் காய் முற்றும். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி பச்சைக் காயை நாப்பி (மீனையோ கூனிறாலையோ உப்பிட்டு நொதிக்கவைத்த கலவை) தொட்டுக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். நாங்கள் உப்பும் மிளகாய்ப் பொடியும்.

1964-ல் கடைகள் அரசுடைமையாகி, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன பிறகு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. அடுத்த ஆண்டு நாங்களும் வந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மா கொண்டுவந்த சாமான்களில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கணக்கும் சமையல் குறிப்பும் கலந்து எழுதியிருப்பார். அதில் ஒரு வரி: 'களாக்காய் ஜாம்: விதை எடுத்த காய் ஒரு வீசை, சர்க்கரை மூன்றரை ராத்தல், தண்ணீர் ஒரு செம்பு.' அவ்வளவுதான். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதிவைக்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன?

அம்மா இருந்தவரை நான் அதைச் செய்யவில்லை. அவர் போன பிறகு, ஒரு ஆனி மாதம் கூடைக்காரப் பெண்மணியிடம் களாப்பழத்தைப் பார்த்ததும் ஆசை வந்தது. நன்றாகக் கறுத்த, தொட்டால் சாறு கசியும் பழமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். வீசை என்றால் பழைய சென்னை அளவில் ஏறக்குறைய 1.4 கிலோ, ராத்தல் என்பது 454 கிராம். கணக்குப் போட்டு அடுப்பிலேற்றினேன். இரண்டு மணி நேரம் கிளறியும் ஜாம் இறுகவில்லை. இனிப்போ திகட்டியது. கடைசியில் கிடைத்தது பாகு போன்ற ஒரு திரவம். பேரப் பிள்ளைகள் அதைத் தண்ணீரில் கலந்து சர்பத் என்று குடித்தார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் அன்று முழுவதும் மனம் சரியில்லை.

பெரியம்மா மகள் மாவ்பியிலேயே தங்கிவிட்டவள். தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். நான் எவ்வளவு எடுத்தேன் என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். "ஏண்டி, அது மெட்ராஸ் வீசை இல்ல, பர்மா வீசை. கடையில இன்னைக்கும் அதுலதான் நிறுக்கிறாங்க." பர்மா வீசை 1.63 கிலோ. பர்மியர்கள் அதைப் பெய்த்தா என்பார்கள். ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியது நம் வீசையைத்தான். பெயர் மட்டும் கடல் தாண்டி, எடை மாறிவிட்டது. அப்படிப் பார்த்தால் அம்மாவின் கணக்கு காயும் சர்க்கரையும் ஏறக்குறைய எடைக்கு எடை. நான் 1.4 கிலோ பழத்துக்கு 1.59 கிலோ சர்க்கரை கொட்டியிருக்கிறேன்.

"சரி, இறுகலையே, அது ஏன்?" என்றேன். "பழமாவா போட்ட? பழத்துல எங்கடி இறுகும்? சித்தி செங்காய்தான் போடும். மூணு பங்கு செங்காய், ஒரு பங்கு பழம். பழம் கலருக்கு." நோட்டில் 'காய்' என்றே இருந்தது. நான்தான் பழம் என்று படித்திருக்கிறேன்.

ஆகவே களாக்காய் வாங்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எதற்காக வாங்குகிறோம் என்பது. ஒரே செடியில், சில சமயம் ஒரே கொத்தில், மூன்று பருவமும் இருக்கும். கடும்பச்சையாக, கல் போல இருப்பது காய். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப்பால் சொட்டும். ஊறுகாய்க்கும் பருப்புக்கும் அது. ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் ரோஜா நிறம் ஏறி, அழுத்தினால் குழியாமல் இருப்பது செங்காய். ஜாம், ஜெல்லி, பாகில் ஊறவைப்பது எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. கறுஞ்சிவப்பும் கடந்து கறுத்து மெத்தென்று ஆனது பழம். அப்படியே தின்னவும் சாறு பிழியவும் ஏற்றது. பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும், கூடவே பெக்டினும் இறங்கும். பெக்டின் என்பது காயின் சதையை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பசை. புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கும்போது ஜாமை உறையவைப்பது அதுவே. கொய்யாவிலும் செங்காயே ஜெல்லிக்கு உகந்தது என்பது வீட்டில் செய்துபார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். காரணம் ஒன்றுதான்.

மழை நாளில் பறித்ததை வாங்காதீர்கள். நீர் குடித்த பழம் தோல் வெடித்திருக்கும், ஒரே இரவில் புளித்து நுரைக்கும். கூடையின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். மேலே அழகாக அடுக்கி, அடியில் நசுங்கியதை வைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். காம்போடு இருப்பது நல்லது. காம்பு பிய்ந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. களா, அரளிக் குடும்பத்துச் செடி. பாலைப் பார்த்தாலே தெரியும். களாப்பழம் உண்ணத் தக்கது, ஆனால் அதே குடும்பத்தில் மஞ்சள் அரளி போன்ற கொடிய நஞ்சுகளும் இருக்கின்றன. வேலியோரம் கண்டதை 'களா போல இருக்கிறது' என்று பறித்து வாயில் போடக் கூடாது. முள்ளும், பூவும், காயும் அறிந்தவர் ஒருவர் காட்டித்தந்த செடியாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லியே வளர்த்தார்கள் எங்கள் வீட்டில்.

அந்தப் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயை நறுக்கினால் விரலிலும் கத்தியிலும் பிசின் போல ஒட்டும். கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும். நறுக்கியதை உப்புத் தண்ணீரில் போட்டால் பால் பெரும்பாலும் பிரிந்துவிடும். சமைக்கும்போது மறுபடி கொஞ்சம் மேலே வரும், பயப்பட வேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்கச் சாறு தெளிந்து மாணிக்கச் சிவப்பாகிவிடும். மேலே நிற்கும் நுரையை மட்டும் வழித்தெடுத்தால் போதும். பாத்திரத்தில் ஒட்டிய பிசினைத் தேய்த்து மாளாது. எண்ணெய் தடவி ஊறவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் கூடவே கூடாது. இவ்வளவு புளிப்பு உலோகத்தைத் தின்னும், நிறமும் கெடும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை போதும்.

விதையெடுப்பது பெரிய வேலை. ஒவ்வொரு காயிலும் நான்கைந்து தட்டையான விதைகள். அம்மா காயைக் குறுக்கே கீறித் தருவார், நாங்கள் கொண்டை ஊசியின் வளைந்த முனையால் நெம்பி எடுப்போம். ஒரு வீசைக் காய்க்கு ஒரு மத்தியானம் முழுவதும் போய்விடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் காயை முழுசாக வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து எடுக்கலாம். விதையும் தோலும் மேலே தங்கிவிடும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

முக்கால் கிலோ செங்காய், கால் கிலோ பழம். காய் பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சல்லடையில் வழிந்த கூழை நிறுத்து, அதே எடை சர்க்கரை சேர்க்க வேண்டும். சர்க்கரை கரையும்வரை சிறு தீ, பிறகு நல்ல தீ. கிளறிக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்திலிருந்து பதம் பார்க்கத் தொடங்கலாம். ஒரு தட்டைக் குளிரவைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஆடை போலச் சுருங்கினால் இறக்கிவிடலாம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: 104, 105 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் மறுநாள் கத்தியால் வெட்ட வேண்டியிருக்கும். ஜெல்லியாக வேண்டும் என்றால் கூழைத் தேய்க்காமல் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுகிற சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் ஆட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சிவப்பு 'கரண்ட்' ஜெல்லிக்குப் பதிலாகக் காலனி காலத்துச் சமையலறைகளில் களா ஜெல்லிதான் வைத்தார்கள். வங்காள கரண்ட் என்ற பெயர் வந்தது சும்மா இல்லை.

இப்போது பேக்கரி. பன்னின் நடுவிலும் கேக்கின் உச்சியிலும் உட்கார்ந்திருக்கும் செக்கச்சிவந்த 'செர்ரி'யைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் விற்கும் மலிவான செர்ரிகளில் பெரும்பாலானவை செர்ரியே இல்லை, களாக்காய். காயின் விதையைக் குடைந்தெடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, நிறத்தையும் புளிப்பையும் இறக்கி, சாயம் ஏற்றி, நாளுக்கு நாள் கெட்டியாகும் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்வது. நாங்கள் வேலியில் பறித்துத் தின்ற காய்க்குச் சீமைப் பெயர் சூட்டி, சாயம் பூசி, காசு வாங்கி எங்களுக்கே விற்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்குக் கோபம் வந்ததா, பெருமை வந்ததா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அந்தச் சிவப்புக்கு வழக்கமாகப் போடுவது எரித்ரோசின் என்ற சாயம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் இதை உணவில் சேர்ப்பதற்கான அனுமதியை ரத்து செய்து, தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் தந்தது. வீட்டில் செய்தால் சாயமே வேண்டாம். செங்காயை விதை நீக்கி, ஓரிரவு உப்புநீரில் வைத்து, கழுவி, ஒரு கொதி விட்டு வடித்து, மெல்லிய பாகில் போடுங்கள். தினமும் காயை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் மறுபடி காயைச் சேர்க்க வேண்டும். ஐந்தாறு நாளில் காய் கண்ணாடி போல ஆகிவிடும். ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கித் தோல்போல ஆகும். நிறம் பேக்கரிச் சிவப்பாக வராது, மங்கிய இளஞ்சிவப்புதான். ருசி வேறு தரம்.

சங்கப் பாடல்களைப் புரட்டுகிறவர்களுக்குக் களா புதிதல்ல. புறநானூற்றில் யாழின் கரிய தண்டுக்குக் களாப்பழம் உவமையாக வருகிறது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவனான சேர அரசனின் பெயரே களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். முடிசூட்டின்போது உரிய கண்ணியும் முடியும் கைக்கு எட்டாமல் போக, களங்காயால் கட்டிய கண்ணியையும் நாரால் செய்த முடியையும் அணிந்தான் என்று பழைய உரை காரணம் சொல்கிறது. நன்னனிடமிருந்து பூழிநாட்டை மீட்டவன் அவன். இருப்பதை வைத்துச் சமாளித்த அரசன் என்பதால் எனக்கு அவன்மேல் ஒரு தனிப் பிரியம். ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டு அடுக்களையில் எல்லாமே அப்படித்தானே நடந்தது.

மற்றச் சமையல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் பச்சைக் காயைக் கீறித் துவரம்பருப்போடு வேகவைத்துத் தாளிக்கிறார்கள், வாக்காய பப்பு. புளி வேண்டாம், காயே புளி. அதையே அரைத்துச் சாதத்தில் கலந்து புளிசாதம் போலவும் செய்கிறார்கள். ராஜஸ்தானில் பச்சை மிளகாயோடு வதக்கும் ஒரு பொரியல் உண்டு, சப்பாத்திக்கு நன்றாக இருக்கும். தேங்காயும் பச்சை மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தால் மாங்காய்த் துவையலுக்கு எந்த வகையிலும் குறைவில்லை. குழம்புக்கு நான்கு காய் போட்டால் போதும், மறதியில் புளியும் கரைத்து ஊற்றிவிட்டால் அன்று யாரும் சாப்பிட முடியாது.

இனி வைத்துக்கொள்ளும் வழி. பச்சைக் காய் கழுவாமல், காற்றாடும் கூடையில் பரப்பி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். பழம் வெளியே இரண்டு நாள், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. வாங்கியவுடன் கழுவி வைப்பது நம்மில் பலருடைய பழக்கம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்க அதைவிடச் சுலபமான வழி வேறில்லை. கழுவுவது சமைக்கும் முன்தான். உறைபெட்டி உள்ளவர்கள் விதை நீக்கிய காயை ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, கல்லாக ஆனபின் பையில் கட்டி வைக்கலாம். ஆறு மாதம் கவலையில்லை. உறைந்ததைக் கரையவிட்டால் குழைந்துவிடும். நேராகக் கொதிக்கும் பருப்பிலோ ஜாம் பாத்திரத்திலோ போட்டுவிட வேண்டும்.

இதே முறைதான் சீமை மணிப்பழத்துக்கும். பெரிய கடைகளில் இப்போது உறைந்த நிலையில் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பச்சையாகவே வாங்குகிறார்கள். கொத்தோடு இருப்பதை வாங்கி, முள்கரண்டியை மேலிருந்து கீழே இழுத்தால் மணிமணியாக உதிரும். கறுப்பு வகையில் வைட்டமின் சி மிக அதிகம், நூறு கிராமுக்குச் சுமார் 180 மில்லிகிராம். இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு கப்பல் வராதபோது பிரிட்டன் தன் குழந்தைகளுக்கு இதன் சர்பத்தைத்தான் கொடுத்தது. அமெரிக்காவிலோ பைன் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய்க்கு இந்தச் செடி இடம்கொடுக்கிறது என்று பல்லாண்டு தடை இருந்தது. மத்தியத் தடை 1966-ல் விலகியும் நியூயார்க் மாநிலம் 2003-ல்தான் அனுமதித்தது. அங்கே ஒரு தலைமுறைக்கே இதன் ருசி தெரியாமல் போயிற்று என்பார்கள். கேக்குக்கான உலர்ந்த கரண்ட் வாங்கினால், பொட்டலத்தைக் கையில் பிடித்து நசுக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு பிரியாமல் கட்டியாக இருந்தால் பழையது. வெந்நீரில் அலசி, துணியில் உலர்த்தி, காற்றுப் புகாத பாட்டிலில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது பாயசத்துக்குத்தான் போகிறது.

கடைசியாக ஊறுகாய். இதில்தான் மாவ்பிக்கும் தமிழ்நாட்டுக்கும் பெரிய வித்தியாசம். இங்கே ஊறுகாய் என்றால் மாடியில் வெயில். உப்பில் ஊறிய காயை ஒரு நாள் காயவைத்தால் நீர் வற்றிவிடும். மாவ்பியில் களாக்காய் முற்றும்போது வானம் மூடிக்கொள்ளும். மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. ரங்கூன் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சட்டையே காயாது, ஊறுகாய் எங்கே காயும்? தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டிகள் முதல் இரண்டு மூன்று வருடம் ஜாடி ஜாடியாகப் பூத்துப்போனதைக் கொட்டியிருக்கிறார்கள் என்று அம்மா சொல்வார். பிறகு வெயில் செய்யும் வேலையை எண்ணெயைச் செய்யவைத்தார்கள்.

ஒரு கிலோ பச்சைக் காயைக் கழுவி, ஈரம் சுத்தமாகப் போகத் துணியில் பரப்பித் துடைத்து, இரண்டாகக் கீறி விதை நீக்கி, 120 கிராம் கல்லுப்பும் ஒரு கரண்டி மஞ்சள்தூளும் போட்டுப் பீங்கான் ஜாடியில் மூன்று நாள். தினமும் மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் காய் நிறம் மாறி, நீர் விட்டிருக்கும். நீரை வடித்துத் தனியே வையுங்கள். வாணலியில் (எவர்சில்வர்) கால் லிட்டர் நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, பெருங்காயம் தாளித்து, காயைப் போட்டுச் சிறு தீயில் வதக்குங்கள். சடசடப்பு அடங்கி, எண்ணெய் தெளிந்து தனியே நின்றால் நீர் போய்விட்டது என்று அர்த்தம். வடித்த உப்புநீரை ஊற்றி அதுவும் சுண்டும்வரை விடுங்கள். இறக்கி, சூடு தணிந்தபின் 75 கிராம் மிளகாய்ப் பொடியும், வறுத்து அரைத்த வெந்தயம், கடுகுப் பொடியும் கலந்துவிடுங்கள். சூட்டோடு மிளகாய்ப் பொடி போட்டால் கறுத்துவிடும். வெந்நீரில் கொதிக்கவைத்து முற்றிலும் உலர்ந்த பாட்டிலில் நிரப்பி, மேலே காய்ச்சி ஆறிய எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் மூடி. மேலே உள்ள தகர மூடி எறும்புக்கு மட்டும்.

ஜாமுக்கும் அப்படியே: கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டிலில் சூடாகவே விளிம்புவரை நிரப்பி உடனே மூட வேண்டும். களாவின் புளிப்பும் சரிக்குச் சரி சர்க்கரையும் சேர்ந்து ஒரு வருடம் காப்பாற்றும். திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் பெரிய பாட்டிலில் போடாமல் ஒரு வாரத்தில் தீர்கிற சின்னச் சின்னப் பாட்டில்களில் போட்டுக்கொள்வது நல்லது. இது அக்கா சொன்ன யோசனை. 2021-க்குப் பிறகு அங்கே மின்வெட்டு மணிக்கணக்கில் இருப்பதால் உறைபெட்டியை அவள் துணி வைக்கப் பயன்படுத்துகிறாள். "கரண்ட் இல்லாத ஊருல கரண்ட் ஜாம் எப்படி வைக்கணும்னு என்கிட்ட கேளு" என்றாள்.

போன ஆனியில் மூன்று பங்கு செங்காய், ஒரு பங்கு பழம் போட்டு மறுபடி செய்தேன். தட்டில் விட்ட சொட்டு சுருங்கியது. ஏழு பாட்டில் வந்தது. நோட்டில் அந்த வரிக்குக் கீழே, 'பர்மா வீசை, 1.63 கிலோ' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.